விஷுக்கணியா, சித்திரைக்கனியா? தட்டில் வைப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை_கிழக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் தமிழ் வீடுகளில் சித்திரை பிறக்கும் விடியலில் தட்டுப் பார்ப்பது, அதாவது இரவே அடுக்கி வைத்த மங்கலப் பொருள்களில் கண் விழிப்பது உண்டு. ஒரு வீட்டில் அதைக் ‘கணி’ என்கிறார்கள், அடுத்த வீட்டில் ‘கனி’. மேற்கே ஒற்றப்பாலம் போனால் உருளி என்னும் அகன்ற வெண்கலப் பாத்திரம், நெல், வெள்ளரி, பிடியுள்ள வால்கண்ணாடி. கிழக்கே பொள்ளாச்சி, கோவை போனால் முக்கனியும் கண்ணாடியும் நகையும் பணமும். நடுவில் இருக்கும் எங்கள் பக்கத்தில் இரண்டையும் கலந்து வைக்கிறார்கள். எது எதற்கு என்று கேட்டால் ‘பெரியவங்க வச்சாங்க, நாங்களும் வைக்கிறோம்’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

ஊர்க் கோயில் மலருக்கு இதைப் பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. தெரிந்தவர்கள் உதவ வேண்டும். கணி கேரளத்திலிருந்து நமக்கு வந்ததா, இங்கேயும் இருந்ததா? கொன்றை சிவனுக்கு உரியது என்று படித்த நாம் அதைக் கண்ணன் முன்னால் வைப்பது எப்படி? சில ஆண்டுகளில் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15 என்று வருகிறதே, இரண்டும் கொண்டாடும் வீட்டில் எந்த விடியலில் கணி பார்ப்பது? நரகாசுரன் கதை, ராவணன் கதை இரண்டில் எது மூலம்? தட்டு வைக்கும் முறையையும் யாராவது அளவோடு எழுதினால் நன்றாக இருக்கும். தையா சித்திரையா என்ற வழக்கை மட்டும் இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம்.

பதில்: செங்கோட்டை_மேற்கு

முதலில் சொல். மலையாளத்தில் இது கணி, மூன்று சுழி ண. ‘காண்’ என்பதோடு உறவுள்ள சொல். முதலில் கண்ணில் படுவது, அதனால் விளையும் சகுனம் என்று பொருள். பழத்துக்கும் இதற்கும் உறவில்லை. தட்டில் பழம் இருப்பதால் தமிழ்க் காதுக்கு அது கனி என்று கேட்டிருக்கிறது. பெயர் அப்படி ஆன பிறகு கிழக்கே போகப் போகத் தட்டும் பழத்தட்டாகவே ஆகியிருக்கிறது என்பது என் கருத்து. அதற்காகச் ‘சித்திரைக்கனி’யைப் பிழை என்று மலரில் எழுதிவிடாதீர்கள். கோவை வட்டாரத்தில் அதுதான் வழங்கும் பெயர், கோயில்களிலும் அந்தப் பெயரில்தான் பழ அலங்காரம் செய்கிறார்கள்.

பழக்கம் கேரளத்துக்கு மட்டும் சொந்தமா என்றால், இல்லை. காலையில் முதலில் காண்பது அன்றைய நாளை நடத்தும் என்ற எண்ணம் தமிழில் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. ‘இன்னைக்கு யார் முகத்துல முழிச்சேனோ’ என்று சலித்துக்கொள்கிறோம், அதிர்ஷ்டக்காரனை ‘நரி முகத்துல முழிச்சவன்’ என்கிறோம். ஒரு நாளுக்குச் சொல்வதை ஆண்டு முழுமைக்கும் நீட்டி, முழிக்கும் காட்சியைத் தற்செயலாக விடாமல் நாமே இரவில் அடுக்கி வைத்துக்கொள்வதுதான் கணி. யாழ்ப்பாணத்தில் சித்திரைப் பிறப்பன்று பெரியவர்கள் காசு கொடுப்பதைக் கைவிசேஷம் என்பார்கள். நாஞ்சில் நாட்டிலும் பாலக்காட்டிலும் கைநீட்டம் என்பது அதுவேதான். செங்கோட்டையும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி நிர்வாகத்தில் இருந்தவை. அதனால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சடங்கு இருப்பதை ‘அங்கிருந்து வந்தது’ என்று எழுதினால் பாதி உண்மைதான். உருளியும் வெள்ளரியும் வால்கண்ணாடியும் சேர்ந்த அடுக்கு கேரளத்தது. விடியலில் நல்லதில் முழிப்பது இரு பக்கத்துக்கும் பொது.

இனி விஷு. வடமொழியில் விஷுவம் என்றால் பகலும் இரவும் சமமாகும் நாள். அது ஆண்டுக்கு இரண்டு முறை வரும். நம் பக்கத்தில் இதற்கு நல்ல சான்று குற்றாலநாதர் கோயில். அங்கே சித்திரை விசு, ஐப்பசி விசு என்று இரண்டு திருவிழாக்கள். மலையாளத்திலும் துலாம் மாதத்து விஷு என்ற பேச்சு உண்டு. சூரியன் மேஷத்தில் நுழைவது ஒன்று, அதற்கு நேர் எதிரே துலாத்தில் நுழைவது மற்றொன்று. பாபநாசத்தில் அகத்தியருக்குச் சிவன் திருமணக் கோலம் காட்டியதாக நிகழ்த்தும் விழாவும் சித்திரை விசுவில்தான். ஆக, விசு என்ற சொல்லைத் தமிழ்க் கோயில்கள் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. அசாமின் பிஹு, துளு நாட்டின் பிசு ஆகிய பெயர்களையும் இதே சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. தாய்லாந்தின் சோங்கிரான் நம் ‘சங்கராந்தி’தான். எல்லாம் ஏப்ரல் நடுவில் வருகின்றன.

கதைகளுக்கு வருகிறேன். கண்ணன் நரகாசுரனைக் கொன்ற நாள் விஷு என்று கேரளத்தில் சொல்கிறார்கள். அதே வதத்தைத் தமிழ்நாட்டில் தீபாவளிக்குச் சொல்கிறோம். ஒரே சாவு ஆண்டில் இரண்டு நாட்களில் நடக்காது. நாள் முதலில் இருந்தது, கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ராவணன் கதை கொஞ்சம் வேறு மாதிரி. ராவணன் தன் அரண்மனைக்குள் வெயில் விழுவது பிடிக்காமல் சூரியனை நேராக உதிக்க விடவில்லை, ராமன் அவனைக் கொன்ற பிறகுதான் சூரியன் நேர் கிழக்கே உதித்தது, அந்த நாள் விஷு என்பது கதை. சூரியன் மிகச் சரியாகக் கிழக்கில் உதிப்பது ஆண்டில் சமபகல் நாட்களில் மட்டும்தான். கதையைச் சொன்னவர்களுக்கு அந்த வானக் கணக்கு தெரிந்திருக்கிறது. மலரில் இந்தக் கதைக்கு இடம் கொடுங்கள். நரகாசுரனை ஒரு வரியில் முடித்துவிடலாம்.

பதில்: பஞ்சாங்கக்_கணக்கு

செங்கோட்டை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இன்று விஷு நாளில் பகலும் இரவும் சமம் இல்லை. சமபகல் மார்ச் 20 அல்லது 21இலேயே முடிந்துவிடுகிறது. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்துச் சூரியனை அளக்கிறது. பூமியின் அச்சு மெதுவாகத் தலைசுற்றுவதால் சமபகல் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்னால் நகர்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தது எந்தக் கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்கும் ஆறாம் நூற்றாண்டுக்கும் இடையில். அதன் பிறகு விலகி விலகி இப்போது 24 நாள் வித்தியாசம். இன்று சித்திரை முதல் நாளில் பாலக்காட்டில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து வடக்கே ஒன்பது பாகைக்கு மேல் தள்ளித்தான் உதிக்கிறது. பெயர் பழைய வானத்தைச் சொல்கிறது, தேதி விண்மீனோடு போகிறது. ‘விஷு என்றால் சமபகல்’ என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் பள்ளிப்பிள்ளை ஒன்று கேள்வி கேட்கும், பதில் இருக்காது.

வானத்தில் அந்த நாட்களில் நடப்பது வேறொன்று. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நாகர்கோவிலில் ஏப்ரல் 11 வாக்கில், பாலக்காட்டில் ஏப்ரல் 18 வாக்கில் நடுப்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. ஆனால் சடங்கு அதிலிருந்து பிறந்தது என்று சொல்ல ஆதாரமில்லை, எனவே அதைத் தனித் தகவலாகவே வையுங்கள்.

இனி 14ஆ 15ஆ என்ற கேள்வி. பலரும் இதை ‘அவங்க பஞ்சாங்கம் வேற’ என்று தள்ளிவிடுகிறார்கள். பஞ்சாங்கம் வேறு இல்லை, விதி வேறு. சூரியன் மேஷத்தில் நுழையும் கணம் சங்கிரமம். தமிழ் விதிப்படி அது சூரிய அஸ்தமனத்துக்குள் நிகழ்ந்தால் அன்றே சித்திரை 1. அஸ்தமனத்துக்குப் பின் என்றால் மறுநாள். மலையாள விதிப்படி பகல் 30 நாழிகையில் 18 நாழிகைக்குள், அதாவது ஆறு மணி உதயம் என்று கொண்டால் பிற்பகல் 1:12க்குள் நிகழ்ந்தால் அன்றே மேடம் 1 (மேடம் என்பது மலையாளத்தில் நம் சித்திரை). அதற்குப் பின் என்றால் மறுநாள்.

இத்தோடு முடிவதில்லை. மேடம் 1 வேறு, விஷு வேறு. சங்கிரமம் நடந்த பிறகு வரும் முதல் உதயத்தில் பார்ப்பதுதான் விஷுக்கணி. அதனால் காலை உதயத்துக்குப் பின் சங்கிரமம் வந்தால், மேடம் 1 அன்றே ஆகிவிட்டாலும் கணி மறுநாள் மேடம் 2 அன்று.

நடந்த ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். 2022இல் சங்கிரமம் ஏப்ரல் 14 காலை ஒன்பது மணி வாக்கில். தமிழ்ப் புத்தாண்டு 14, மேடம் 1உம் 14, ஆனால் உதயம் தாண்டிவிட்டதால் விஷு 15. 2023இல் ஏப்ரல் 14 பிற்பகல் மூன்று மணி வாக்கில். தமிழுக்கு 14, மேடம் 1உம் விஷுவும் 15. 2024இல் ஏப்ரல் 13 இரவு ஒன்பது வாக்கில், 2025இல் ஏப்ரல் 14 விடிகாலை மூன்றரை வாக்கில். இரண்டிலும் எல்லோருக்கும் 14. ஒவ்வோர் ஆண்டும் சங்கிரமம் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப் போகிறது, லீப் ஆண்டு வந்து ஒரு நாள் பின்னே இழுக்கிறது. அதனால் இப்போதைக்கு இரண்டு ஆண்டு ஒரே நாள், இரண்டு ஆண்டு வேறு நாள் என்று சுழல்கிறது. 2026, 2027 வேறு நாள். 2028, 2029 ஒரே நாள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நேரம் கொஞ்சம் மாறும் என்பதால் நான் மணியை மட்டும் சொல்லியிருக்கிறேன், நிமிடத்தைச் சொல்லவில்லை.

இன்னொரு பிழையும் அடிக்கடி அச்சில் வருகிறது. விஷுவை ‘மலையாளப் புத்தாண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது. அதன் ஆண்டுப் பிறப்பு தெற்கே சிங்ஙம், நம் ஆவணி. வடக்கே கோலத்துநாட்டில் கன்னி மாதம். விஷு சூரியனின் ஆண்டுத் தொடக்கம், கொல்லத்தின் ஆண்டு எண் அன்று மாறாது.

கொழிஞ்சாம்பாறை_கிழக்கு

அருமைங்க, மேடம் 2 விஷயம் இத்தனை நாள் யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியானால் தேதி பிரியும் ஆண்டில் தமிழ் வீடு 14 விடியலில் தட்டுப் பார்த்தால், சூரியன் அப்போது மீனத்தில்தானே இருக்கும்?

பதில்: பஞ்சாங்கக்_கணக்கு

ஆமாம், இன்னும் மீனத்தில்தான். ஆனால் தமிழ் மரபில் தட்டு ஆண்டு பிறக்கும் நாளின் விடியலுக்கு உரியது, சங்கிரமத்துக்குப் பின் உதயம் என்ற நிபந்தனை அதில் இல்லை. இரண்டும் உள்ள வீட்டில் சுலபமான வழி, 14 காலை தமிழ் முறையில் பார்த்துவிட்டு அரிசி, தேங்காய், கண்ணாடியை அப்படியே விட்டு, பூவையும் வெற்றிலையையும் எண்ணெயையும் மட்டும் புதிதாக்கி 15 விடியலில் விஷுக்கணியாகப் பார்ப்பது. கொன்றை இரண்டாம் நாள் தாங்காது.

பதில்: தோவாளைப்பூ

கொன்றையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தட்டில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இதில்தான்.

வேண்டியது சரக்கொன்றை. பூங்கொத்து சரம்போல் கீழ்நோக்கித் தொங்கும், காய் முழ நீளத்தில் உருளையாக இருக்கும். சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் எல்லாம் இது அல்ல. இயல்வாகை, மஞ்சள் கொன்றை இரண்டுக்கும் கொத்து மேல்நோக்கி நிற்கும். சந்தையில் கட்டாக விற்கும்போது தலைகீழாகப் பிடித்துக் கட்டியிருப்பதால் ஏமாந்துவிடுவார்கள். காம்பின் வளைவையும் இலையையும் பாருங்கள். சரக்கொன்றைக்குச் சிற்றிலைகள் பெரியவை, உள்ளங்கை நீளம், சில இணைகள்தான். இயல்வாகை இலை புளியிலைபோல் பொடிப்பொடியாக இருக்கும்.

கொத்து காம்புப் பக்கத்திலிருந்து நுனி நோக்கிப் பூக்கும். முழுக்க மலர்ந்த கொத்தை மாலையில் வெட்டினால் விடியலில் தரைதான் மஞ்சளாக இருக்கும், தட்டில் வெறும் காம்பு. மேல் பாதி மலர்ந்து கீழ் பாதி மொட்டாக உள்ள கொத்தை, வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு சாண் காம்போடு வெட்டுங்கள். இலையை உருவிவிட்டுக் காம்பைத் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றிலும் தளர்வாகப் போர்த்தி, காற்றடிக்காத இடத்தில் வையுங்கள். தட்டில் வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும், வைத்த பிறகு உருளியை நகர்த்தக் கூடாது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு கொத்து போதும். கைநீட்டத்தோடு கொடுக்க இன்னும் இரண்டு.

இந்த மரம் வறட்சியில் இலை உதிர்த்துப் பூக்கும். கோடை முன்னதாகவே கடுத்தாலோ இடையில் மழை பெய்தாலோ பூக்கும் காலம் முன்னே வந்துவிடுகிறது. சில இடங்களில் மாசியிலேயே பூத்துக் கொட்டிவிட்டு விஷுவுக்கு மரம் பச்சையாக நிற்கிறது. அந்த இடத்தைத்தான் பிளாஸ்டிக் கொன்றை பிடித்திருக்கிறது. அதற்குப் பதில் ஒரு கிண்ணம் மஞ்சள் அரளியோ செவந்தியோ வைப்பது எவ்வளவோ மேல். கணியில் வைப்பது உயிருள்ள பருவத்தின் பங்கு என்பதால் இதைச் சொல்கிறேன்.

கொன்றை வேளை தவறிப் பூப்பது புதிய செய்தி அல்ல என்பதும் சுவையானது. குறுந்தொகை 66ஆம் பாட்டில், வேளையல்லா வேளையில் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிக் கொன்றை பூத்துவிட்டது, அது அறிவில்லாத மரம் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள்.

சிவனா கண்ணனா என்ற கேள்வி. தமிழில் சிவன் தலையில் கொன்றை சூடியவன். ஔவை நூலின் ‘கொன்றை வேந்தன்’ என்ற தொடரே சிவனைத்தான் சொல்கிறது. கேரளத்தில் கண்ணனின் பொன் அரைஞாண் மரத்தில் விழுந்து கொன்றைப் பூவானது என்று கதை. ஆனால் சங்கப் பாட்டில் கொன்றை முல்லை நிலத்துப் பூ, முல்லைக்குத் தெய்வம் மாயோன். ஆக இரண்டு தெய்வத்துக்கும் இந்தப் பூ அந்நியமில்லை. அந்த நாளில் காட்டோரத்தில் பொன்னாகத் தொங்கும் மரம் இது, அதைப் பார்த்தவர்கள் தங்கள் தங்கள் தெய்வத்துக்குச் சூட்டினார்கள். உங்கள் பக்கத்து வீடுகளில் தட்டுக்குப் பின்னால் கண்ணன் படமும் பக்கத்தில் முருகன் படமும் இருந்தால் எதையும் மாற்றச் சொல்ல வேண்டாம்.

பதில்: ஒற்றப்பாலம்_அடுக்களை

தட்டு வைக்கும் முறையைச் சொல்கிறேன்.

வெண்கல உருளி, வாய் 12 அங்குலம். உணக்கலரி அல்லது சாதாரணப் பச்சரிசியும் நெல்லும் கலந்து ஒன்றரைக் கிலோ, உருளியில் பாதி மட்டம் வர வேண்டும். அரிசி இங்கே படையல் மட்டும் அல்ல, மற்றதெல்லாம் உருளாமல் நிற்க அதுதான் படுக்கை. அரிசி குறைந்தால் தேங்காய்முறி சாயும், எண்ணெய் கொட்டும், முழு அரிசியும் வீணாகும்.

தேங்காயை நார் நீக்கி நடு வட்டத்தில் அரிவாளின் முதுகால் சுற்றிச் சுற்றித் தட்டி இரண்டு சமமுறியாக உடையுங்கள். உள்ளே தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய்க்கு அடியில் தங்கித் திரி சடசடவென்று பொரிந்து அணைந்துவிடும், புத்தாண்டு காலையில் விளக்கு அணைந்தது என்று வீடு முழுக்கச் சங்கடம். முறியில் முக்கால் அளவு நல்லெண்ணெய். வெள்ளைப் பருத்தித் துணியை நான்கு விரல் சதுரமாக வெட்டி, நடுவில் முறுக்கி நுனி நிமிர்ந்து நிற்கும்படி கிழித்திரி செய்து எண்ணெயில் ஊறவைத்து நிறுத்துங்கள்.

நடுவில் கணிவெள்ளரி. பழுத்து முழு மஞ்சளாக, காம்பு ஒட்டியபடி, ஒரு கிலோவுக்குள் இருப்பது உருளியில் அடங்கும். மாங்காய் இலையோடு ஒரு கொத்து, நேந்திரமோ கதலியோ ஒரு சீப்பு. பலா உருளிக்குள் கொள்ளாது, பக்கத்தில் வாழையிலை போட்டு வையுங்கள். வெட்டிய பலா வேண்டாம், எறும்பும் பழ ஈயும் விளக்கைச் சுற்றும். முழு முற்றல் காய் போதும். வெற்றிலை, பாக்கு, குங்குமச்செப்பு, கண்மைச் சிமிழ், கோடித் துணி, நாணயம், தங்கம், ஓலைச்சுவடியோ ராமாயணப் புத்தகமோ. கோடித் துணியை விசிறி மடிப்பாக மடித்துச் செம்பில் செருகி நிறுத்துவது வழக்கம். அது கிழித்திரியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

கண்ணாடிதான் இதில் முக்கியம். பார்ப்பவர் முகமும் கணியும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் சற்றுச் சாய்த்து வைக்கிறார்கள். குத்துவிளக்கைக் கண்ணாடிக்கு நேர் எதிரே வைத்தால் கண் கூசும், முகம் தெரியாது. விளக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஆறன்முளைக் கண்ணாடி செம்பும் தகரமும் கலந்த உலோகம், மெருகேற்றிய மேல்தளமே பிம்பம் காட்டும். விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இருக்காது, சாதாரணக் கண்ணாடியில் இருக்கும். ஆனால் இந்தச் சோதனையை வாங்கும்போது ஒருமுறை செய்தால் போதும், விரல் ஈரம் பட்டால் உலோகம் கறுக்கும். அந்தக் கண்ணாடி இல்லை என்று வருந்தவும் வேண்டாம், வீட்டில் இருக்கும் கண்ணாடி போதும். வாலுள்ள கண்ணாடியை பகவதியாகவே கொள்வது கேரள வழக்கம். குமரி மாவட்டத்தில் அய்யாவழிப் பதிகளிலும் கண்ணாடிக்கு முன்தான் வணக்கம். 1927இல் களவங்கோட்டில் நாராயண குரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். கணிக்கண்ணாடியை அழகுப் பொருள் என்று மலரில் எழுதிவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு வீட்டின் மூத்த பெண் அடுக்குவார். விளக்கை அப்போதே ஏற்றிவிட்டுத் தூங்கக் கூடாது. விடிகாலை நான்கு மணிக்கு மேல் எழுந்து ஏற்றி, முதலில் அவர் பார்த்து, பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்திக் கூட்டி வருவார். உதயம் ஆறே காலை ஒட்டி வரும், அதற்குள் எல்லோரும் பார்த்துவிட வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவருக்கும் தொழுவத்து மாட்டுக்கும் கணியைக் கொண்டுபோய்க் காட்டும் வீடுகள் உண்டு. எண்ணெய் தளும்பும் முறியை உருளியிலேயே விட்டுவிட்டு, தனித் தாம்பாளத்தில் வெள்ளரி, பூ, சிறு விளக்கு மட்டும் எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டில் இரண்டைச் சொல்லி முடிக்கிறேன். மாங்காய்ப் பச்சடியில் மாங்காய் வெந்து குழைந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டால் துண்டு விறைத்துக்கொண்டு வேகாது. ஒரு நடுத்தர மாங்காய்க்கு முக்கால் கப் வெல்லம், வேப்பம்பூ ஒரு தேக்கரண்டி. பூவை நெய்யில் கருக வறுத்து இறக்கும்போது மேலே தூவ வேண்டும், கூடக் கொதித்தால் பச்சடி முழுக்கக் கசக்கும். விஷுக்கட்டை என்னும் அரிசிப் பலகாரத்துக்கு ஒரு கப் பச்சரிசி, இரண்டாம் தேங்காய்ப்பால் மூன்று கப், கெட்டிப்பால் ஒரு கப், சீரகம், உப்பு. அரிசி இரண்டாம் பாலில் நன்றாக வெந்து வற்றிய பிறகே கெட்டிப்பால். ஊற்றியதும் தீயைக் குறைத்துக் கிளறி, கெட்டியானதும் தட்டில் பரப்பி ஆறவிட்டு வெட்டலாம். கெட்டிப்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும், கட்டை சேராது.

பதில்: ஏரும்_விதையும்

தட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். வயலைச் சொல்லாமல் விஷுவின் மூலத்தைச் சொல்ல முடியாது.

தட்டில் உள்ளதைப் பட்டியலிட்டுப் பாருங்கள். வெள்ளரி, பலா, மா, நெல். அந்த வாரத்தில் அந்த மண்ணில் என்ன இருக்குமோ அதுதான். கணிவெள்ளரிக்கு வயது 60 முதல் 70 நாள். இரண்டாம் போகமான முண்டகன் அறுத்த வயலில், மிச்ச ஈரத்தில் தடம் பிடித்து, பிப்ரவரி முதல் வாரத்தில் விதைத்தால் விஷுச் சந்தைக்குச் சரியாக வரும். பத்து நாள் பிந்தினால் காய் பச்சையாக நிற்கும், விலை போகாது. கணியில் வெள்ளரி நடுவில் இருப்பதற்கு இதைவிட வேறு புராணம் தேவையில்லை.

அன்றைய முக்கியச் சடங்கு உண்மையில் கணிக்குப் பிறகு நடப்பது. பாலக்காட்டு, மலபார்ப் பக்கம் விஷுச்சால், கைக்கோட்டுச்சால் என்பார்கள். கைக்கோட்டு நம் மண்வெட்டி. புது மண்வெட்டியைக் கழுவிக் கொன்றை சூட்டி, முற்றத்தில் கிழக்குப் பார்த்து வைத்து, அடை படைத்து, சில கொத்துக் கொத்தி நெல்லும் காய்கறி விதையும் இடுவார்கள். தமிழ்ப் பக்கத்தில் சித்திரையில் பொன்னேர் பூட்டுவது, நல்லேர் பூட்டுவது என்று சொல்கிறோமே, அதே செயல். விஷுக்காலத்தில் கூவும் குயிலினத்துப் பறவையின் குரலைக்கூடக் கேரளத்தார் ‘வித்தும் கைக்கோட்டும்’ என்று கேட்கிறார்கள். விரிப்பு என்னும் முதல் போகத்துக்கு மேடத்தில் கோடைமழை கண்டதும் புழுதி உழுது பொடிவிதை விதைக்க வேண்டும். அந்த வேலைக்கு நாள் குறிக்கும் சடங்கு இது. அன்று முழு வயலையும் விதைக்கிறவர் யாரும் இல்லை. மழை இல்லாத ஆண்டில் சால் மட்டும் ஓட்டி நிறுத்திக்கொள்வார்கள், விதைத்தால் எறும்புக்கும் புறாவுக்கும்தான் போகும். உண்மையான விதைப்புக்கு அடுத்த குறி பத்தாமுதயம், மேடம் 10. சோதிடத்தில் சூரியனுக்கு மேஷம் பத்தாம் பாகை உச்சம், அதிலிருந்து வந்த நாள். தென்னம்பிள்ளை நடுவதற்கும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

கைநீட்டமும் இந்த வேளாண்மையோடு சேர்ந்தது. இன்று பேரப்பிள்ளைக்குப் புது நோட்டு என்று சுருங்கிவிட்டது. வீட்டுத் தலைவர் உறவினருக்கு மட்டுமின்றி வயலில் பாடுபட்டவர்களுக்கும் கொடுத்த காசு அது. மலரில் அந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். கொடுக்கும்போது கணியிலிருந்து கொஞ்சம் அரிசி, ஒரு கொன்றைப் பூ, வெற்றிலையோடு வலக்கையில் வைப்பது முறை. வாங்குபவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கொழிஞ்சாம்பாறை_கிழக்கு

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கணி முடிந்த பிறகு அந்த வெள்ளரியை என்ன செய்வது? சிலர் அன்றே சமைக்கிறார்கள், சிலர் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

பதில்: ஏரும்_விதையும்

இரண்டும் சரிதான். காம்பு ஒட்டியிருந்து தோலில் கீறல் இல்லை என்றால் வாழைநாரால் உறிபோல் பின்னி, அடுக்களை உத்தரத்தில் புகைபடும் இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. தரையில் வைத்தால் தொட்ட இடம் முதலில் அழுகும், அதனால்தான் தொங்கவிடுவது. காம்பு விழுந்த காயை வைத்திருக்க வேண்டாம், பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டான் வைத்துவிடுங்கள்.

விதை வேண்டுமென்றால் நன்றாகப் பழுத்த காயை நீளவாக்கில் பிளந்து, விதையை உள்சதையோடு வழித்து ஒரு நாள் பாத்திரத்தில் அப்படியே வையுங்கள். வழவழப்பு விட்டுவிடும். மறுநாள் தண்ணீர் ஊற்றி அலசினால் பொக்கு விதை மிதக்கும், அதைத் தள்ளிவிட்டு அடியில் தங்கியதை மட்டும் எடுத்து நிழலில் நான்கைந்து நாள் உலர்த்துங்கள். வளைத்தால் ஒடிய வேண்டும். அடுப்புச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைத்தால் அடுத்த பிப்ரவரி விதைப்புக்கு ஆகும். பக்கத்தில் வேறு வகைக் கணிவெள்ளரியோ முலாம்பழமோ பூத்திருந்தால் மட்டும் அந்த விதையை நம்பாதீர்கள், தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும், அடுத்த கணிக்குக் காய் மஞ்சளாக வராமல் போகலாம்.